தப்பிரபேன் முதல் ஓரங்குலப் படம் வரை

வரலாற்றைக் காலமின்றிக் கற்பது எத்துணைக் குறையுடையதோ, இடமின்றிக் கற்பதும் அத்துணைக் குறையுடையதே. காலத்தை அறிதற்கு ஆண்டுவரிசை உதவுவது போல, இடத்தை அறிதற்குத் தேசப்படம் உதவுகின்றது. ஆயினும் பள்ளிக்கூடங்களிலே தேசப்படம் பெரும்பாலும் பார்த்து வரையப்படும் ஒன்றாகவே இருந்து வருகின்றது. மெல்லிய தாளை மேல் வைத்து எல்லைக்கோட்டினைப் பிரதி செய்து, ஆறுகளுக்கு நீலமும் மலைகளுக்குக் கபிலமும் தீட்டி, ஊர்ப்பெயர்களை எழுதி முடித்ததும் படவேலை முடிந்ததென மாணவன் எண்ணுகின்றான். படம் என்பது ஓர் ஓவியமன்று; அது ஒரு கூற்று. 'இவ்விடம் இங்கே உளது. இத்துணைத் தூரத்தில் உளது. இத்திசையில் உளது' என்று அது கூறுகின்றது. கூற்றாயின் அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம், பாதி மெய்யாகவும் இருக்கலாம். அதனை ஆராய்ந்து கொள்ளும் ஆற்றலே படவறிவு எனப்படும்.

இவ்வாற்றலைப் பெறுதற்கு இலங்கைப் படத்தின் வரலாற்றினும் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது. ஏறக்குறைய ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இத்தீவினைப் பிறநாட்டார் அளக்கவும் வரையவும் முயன்று வந்துள்ளனர். அவர்கள் இழைத்த பிழைகளும் கண்ட உண்மைகளும், தூரம், திசை, அகலக்கோடு, அளவுத்திட்டம், பெயர், உயரம் ஆகிய அடிப்படைகளை ஒவ்வொன்றாக விளக்குவன.

நாட்கணக்கும் தூரக்கணக்கும்

அலெக்சாந்தரின் கப்பலை ஓட்டிச் சென்றவனாகிய ஒனெசிகிரீத்தஸ், கி.மு. 4 ஆம் நூற்றாண்டின் இறுதியில், தப்பிரபேன் எனக் கிரேக்கர் வழங்கிய இலங்கையைப் பற்றிக் குறிப்பிட்டான். அதன் அளவு 5,000 ஸ்தாதியம் என்பது அவன் கூற்று. அவ்வளவு நீளமா, அகலமா என்பதை அவன் கூறவில்லை எனப் பிற்காலத்து ஸ்திராபோ குறை கூறுகின்றார். இக்குறை இன்றைய மாணவனுக்கும் பொருந்தும். எதனை அளந்தது என்று சொல்லப்படாத எண், எண்ணே அன்று. ஒரு ஸ்தாதியத்தை ஏறத்தாழ 185 மீற்றர் எனக் கொள்ளின் 5,000 ஸ்தாதியம் 925 கிலோமீற்றராகும். இலங்கையின் உண்மையான நீளமோ ஏறத்தாழ 435 கிலோமீற்றர். அவ்வெண் நீளமாயின் இருமடங்குக்கும் மேற்பட்ட மிகை, சுற்றளவாயின் குறைவு.

எரற்றோஸ்தெனிஸ் என்னும் பேரறிஞர் இத்தீவின் நீளம் 7,000 ஸ்தாதியம், அகலம் 5,000 ஸ்தாதியம் என்று கூறியதாகப் பிளினி எழுதுகின்றார். சையீனிலும் அலெக்சாந்திரியாவிலும் விழுந்த நிழல்களை ஒப்பிட்டு உலகத்தின் சுற்றளவினையே கணித்தவர் எரற்றோஸ்தெனிஸ். அத்தகையவர் ஒரு தீவின் அளவில் இத்துணைப் பிழைபட்டது ஏன்? உலகத்தை அவர் கணித்தது அளந்தறிந்த தரவுகளைக் கொண்டு. இலங்கையைக் கூறியதோ கேள்விச் செய்தியைக் கொண்டு. கேள்விச் செய்தி எத்தகையது என்பதற்குப் பிளினியே சான்று தருகின்றார். இந்தியாவிலிருந்து இத்தீவுக்குச் செல்ல முற்காலத்தில் இருபது நாட் பயணம் எனப்பட்டது. அது நாணலாற் செய்த, நைல் நதிப் படகுகளின் பாய்களைக் கொண்ட மரக்கலங்களின் கணக்கு. உரோமக் கப்பல்களின் வேகத்தைக் கொண்டு நோக்கின் ஏழு நாட் பயணமே என்பது அவர் விளக்கம். ஒரே கடல், தூரமும் ஒன்றே, கலம் மாறியதும் எண் மாறிற்று. காலத்தைத் தூரமாக மாற்றுவோர் வேகத்தையும் உடன் கூறவேண்டும் என்னும் எளிய விதி பேணப்படாமையால், தீவு தாளிலே வீங்கிப் போயிற்று.

நிழல் கூறும் அகலக்கோடு

பிளினி கூறும் இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. கிளௌதியஸ் என்னும் உரோமப் பேரரசன் காலத்தில், கி.பி. 1 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இத்தீவிலிருந்து தூதுவர் உரோமுக்குச் சென்றனர். தம் நிழல் அங்கே வடக்கு நோக்கி விழுவதையும் ஞாயிறு இடப்புறத்தே தோன்றுவதையும் கண்டு அவர்கள் வியந்தனராம். இதனைக் கேட்ட உரோமர், தூதுவரின் நாட்டிலே நிழல் எந்நாளும் தெற்கு நோக்கி விழும் என எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறாயின் அந்நாடு நடுக்கோட்டுக்குத் தெற்கே உளதென்பது பெறப்படும்.

உண்மை யாது? ஞாயிறு ஓராண்டில் நடுக்கோட்டுக்கு வடக்கே 23½ பாகை வரையும், தெற்கே 23½ பாகை வரையும் செல்வது போலத் தோன்றும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் ஞாயிறு அதன் நேர் உச்சிக்கு வருகின்றது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி விழும். ஆண்டின் ஏனைய காலத்தில் வடக்கு நோக்கி விழும். எனவே நிழல் தெற்கே விழும் என்பது பாதி உண்மை. ஆண்டின் ஒரு பகுதியைக் கொண்டு ஆண்டு முழுவதையும் தீர்மானித்தலே பிழையாகும்.

இதனை எந்தப் பள்ளிக்கூட முற்றத்திலும் சோதித்துக் கொள்ளலாம். இரவும் பகலும் ஒத்திருக்கும் மார்ச் 21 ஆம் நாளளவிலோ செப்ரெம்பர் 23 ஆம் நாளளவிலோ, ஒரு மீற்றர் நீளமுள்ள கோலைச் செங்குத்தாக நாட்டி, நிழல் மிகக் குறுகும் வேளையில் அதனை அளத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்நிழல் ஏறத்தாழ 17 சதமமீற்றர் இருக்கும். தெற்கே தேவேந்திரமுனையில் ஏறத்தாழ 10 சதமமீற்றர் இருக்கும். இரண்டிடத்தும் அது வடக்கு நோக்கியே விழும். ஒரு கோலும் ஓர் அளவுகோலும் கொண்டு, தீவு முழுவதும் நடுக்கோட்டுக்கு வடக்கே உளதென்பதை ஒரு மாணவன் தானே நிறுவலாம். மனப்பாடஞ் செய்த அகலக்கோட்டுக்கும் அளந்தறிந்த அகலக்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தொலமியின் பட்டியல்

கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஏறக்குறைய 8,000 இடங்களுக்கு அகலக்கோடும் நெடுங்கோடும் குறித்துப் பட்டியல் தந்தார். படம் அழிந்தாலும் எண்களைக் கொண்டு அதனைத் திரும்ப வரையலாம் என்பது அவர் முறையின் சிறப்பு. அப்பட்டியலில் இலங்கையின் வடமுனை வடக்கே 12½ பாகையிலும், தென்னெல்லை நடுக்கோட்டுக்குத் தெற்கே 2½ பாகையிலும் அமைகின்றன. அஃதாவது தீவு 15 பாகை நீண்டு கிடக்கின்றது. உண்மையில் அது 5 பாகை 55 கலை தொடக்கம் 9 பாகை 50 கலை வரை, 4 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே உளது. நீளம் ஏறத்தாழ நான்கு மடங்காக, அகலமும் அதற்கேற்ப விரிந்தமையால், பரப்பு பதினான்கு மடங்கு எனக் கூறத்தக்க அளவுக்குப் பெருகிற்று. நீளம் நான்கு மடங்காயின் பரப்பும் நான்கு மடங்கே என்று கருதும் மாணவருக்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு.

இப்பிழையின் ஊற்றினையும் கணக்கினாற் காணலாம். ஒரு பாகைக்கு 500 ஸ்தாதியம் என்பது தொலமி கொண்ட அளவு. எரற்றோஸ்தெனிஸ் கணக்கின்படியோ அது 700 ஸ்தாதியம். தொலமியின் 15 பாகையை 500 ஆற் பெருக்கின் 7,500 ஸ்தாதியம் வரும். பிளினி கூறும் 7,000 ஸ்தாதியத்துக்கு அது மிக அண்மையது. பழைய கேள்விச் செய்தியே பாகையாக உருமாறித் தொலமியின் பட்டியலிற் புகுந்தது போலும். எண் பாகையிலும் கலையிலும் எழுதப்பட்டமையாலேயே அது அளந்தறியப்பட்டது ஆகாது. நுணுக்கம் வேறு, உண்மை வேறு.

எனினும் தொலமியை முற்றாகத் தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. அனுரோகிராமம் என அவர் குறிக்கும் அரச நகரம் அனுராதபுரமே என்பது பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. கங்கை என அவர் பெயரிடும் ஆறு கிழக்குக் கரையிலே கடலோடு கலக்கின்றது; மகாவலிகங்கை இன்றும் கொட்டியாரக் குடாவிலே கலக்கின்றது. அளவு பிழைத்த படத்திலும் ஒழுங்கு பிழையாதிருத்தல் கூடும். கரையோரமாகச் சென்ற மாலுமி எத்துணைத் தூரம் சென்றான் என்பதை மறக்கலாம். எந்தத் துறைக்குப் பின் எந்தத் துறை வந்தது என்பதை மறவான்.

நாகதிபம் என்னும் பெயரும் அப்பட்டியலில் உண்டு. வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டிலே 'நாகதிவ' என்னும் பெயர் காணப்படுதலின், வடபகுதிக்கு அப்பெயர் பழங்காலத்தே வழங்கியமை உறுதி. ஆனாற் தொலமியின் கரையோர வரிசையில் நாகதிபம் என்னும் ஊர் கங்கையின் முகத்துவாரத்தை அடுத்துக் கிழக்குக் கரையில் வருகின்றது. இங்கே வரலாற்று மாணவன் நிதானிக்க வேண்டும். பழைய படம் ஒரு பெயர் வழங்கியமைக்குச் சான்றாகலாம். அப்பெயரின் இடத்துக்கு அதே அளவிற் சான்றாகாது. தனக்கு வேண்டிய பெயரைக் கண்டவுடன் படம் முழுவதையும் நம்புவதும், வேண்டாத பெயரைக் கண்டவுடன் அதனைப் பழிப்பதும் ஆராய்ச்சி அல்ல. இம்முறையிலே எழுந்த வாதங்கள் இந்நாட்டிற் பல. அவற்றின் இரு பக்கத்தாரும் படத்தை மேற்கோளாகக் கொண்டனரேயன்றிப் படத்தை வாசித்தாரல்லர்.

தொலமியின் நூல் 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1477 இல் பொலோஞாவிலே படங்களுடன் அச்சேறிற்று. போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக் கரையை அடைந்த பின்னும் பழைய பேருருவம் உடனே மறையவில்லை. செபஸ்தியான் மூன்ஸ்ரர் முதலியோர் அப்பெருந்தீவு சுமாத்திராவாதல் வேண்டும் எனக் கருதி, தப்பிரபேன் என்னும் பெயரைச் சுமாத்திராவுக்கு இட்டனர். பழைய படத்தைத் திருத்துவதினும், அதற்குப் பொருந்தக்கூடிய வேறு நிலத்தைத் தேடுவது அவர்களுக்கு எளிதாயிற்று!

திசையும் பெயரும்

படத்தின் மேற்பக்கம் வடக்கு என்பது இயற்கை விதியென மாணவர் பலர் நம்புகின்றனர். சிசிலி அரசன் ரோஜருக்காக அல் இத்ரீசி 1154 இல் ஆக்கிய உலகப் படத்திலே தெற்கு மேலே உள்ளது. 17 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான இலங்கைப் படங்கள் சிலவற்றிற் கிழக்கு மேலாகவும், வடமுனை இடப்பக்கமாகவும் காணப்படும். வடக்கை மேலே வைத்தல் வழக்கமேயன்றி விதியன்று. ஆதலாற் படத்தைக் கையில் எடுத்ததும் திசைக்குறியைத் தேடுதல் முதற்கடன். வடக்கு மலையென்றும் தெற்குப் பள்ளமென்றும் எண்ணி, ஆறு வடக்கிலிருந்து தெற்கே 'இறங்குகின்றது' எனச் சிறுவர் எழுதுவது இவ்வழக்கத்தை விதியாகக் கொண்டதன் விளைவு. மகாவலியோ தெற்கே மலையிற் பிறந்து, வடக்கும் கிழக்குமாகப் பாய்கின்றது.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்தம் சமயகுருவாக இங்கே வாழ்ந்த பிலிப்பு பால்தேயஸ் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலிற் படங்களும் உள. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு அவர்தம் நாட்டு நகரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. ஆண்டவர் சென்றனர், அப்பெயர்களிற் பெரும்பாலன தாளோடு தங்கிவிட்டன. டெல்வ்ற் என்பது ஆங்கிலத்தில் நிலைபெற்றதாயினும், தீவார் நாவில் நெடுந்தீவு நெடுந்தீவாகவே உளது. பெயரிடும் உரிமை படம் வரைபவன் கையில் உளது. பெயரை வாழவைக்கும் ஆற்றலோ அவ்விடத்து மக்களின் நாவில் உளது.

கண்டி இராச்சியத்தின் உள்நாட்டு நிலையோ ஐரோப்பியருக்கு நெடுங்காலம் தெளிவாகாதிருந்தது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு படத்தையும் சேர்த்தார். கருவிகொண்டு அளவாது, நடந்தும் கேட்டும் அறிந்ததைக் கொண்டு ஆக்கப்பட்டதாயினும், உள்நாட்டைப் பற்றி வெளியுலகம் பெற்ற சிறந்த செய்திகளில் அஃதொன்று.

அளவையின் தொடக்கம்

ஆங்கிலேயர் ஆட்சியில், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் காலத்தில், 1800 ஓகஸ்ட் 2 ஆம் நாள் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. யோசெப் யொன்வில் அதன் முதல் தலைவரானார். 1815 இற் கண்டி வீழ்ந்த பின், தெருக்கள் அமைத்தற்கும் படை நகர்த்துதற்கும் உள்நாட்டுப் படம் இன்றியமையாததாயிற்று. ஜோன் பிரேசரின் அளவைகளை அடிப்படையாகக் கொண்ட பெரும்படம் 1862 இல் இலண்டனில் வெளியாயிற்று.

இவ்வளவைகளின் உயிர்நாடி முக்கோண முறையாகும். தரையில் ஒரு நேர்கோட்டை மட்டும் மிகக் கவனமாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தேயுள்ள ஒரு குன்றுக்குரிய கோணங்களை அளப்பர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரியின் மற்றை இரு பக்கங்களும் கணக்கினாற் பெறப்படும். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடியாகும். இங்ஙனம் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அளக்கப்பட்ட இரு அடிக்கோடுகளைக் கொண்டு தீவு முழுவதும் முக்கோண வலையினாற் பிணிக்கப்பட்டது. ஒன்றிலிருந்து தொடங்கிக் கணித்து வந்த நீளம் மற்றதன் அளந்த நீளத்தோடு ஒத்தல் வேண்டும். தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இவ்வொழுங்கே ஒனெசிகிரீத்தஸ் காலத்துக் கேள்வியையும் புதிய அளவையையும் பிரிக்கும் எல்லை. வகுப்பிற் கற்கும் கேத்திர கணிதத்தினால் யாது பயன் என வினவும் மாணவனுக்கு இத்தீவின் படமே விடை.

1897 இல் தொடங்கிய இடவிளக்க அளவையின் பயனாக, ஓரங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் 72 தாள்கள் 1924 அளவில் நிறைவெய்தின. பல தலைமுறை மாணவர் 'ஓரங்குலப் படம்' என அறிந்தவை இவையே. அவற்றின் பின், மெற்றிக் முறையில் 1:50,000 அளவுத்திட்டத்தில் 92 தாள்கள் தீவினை அடக்குகின்றன.

நில அளவை எப்போதும் நடுநிலையான பணியாகவே இருந்ததென எண்ணுதலும் தவறு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலத்தை, மாறாக நிறுவப்பட்டாலன்றி, முடிக்குரியதெனக் கொண்டது. உறுதியில்லாத குடியானவனின் சேனை நிலம் முடிக்குரிய காடாகக் கொள்ளப்பட்டது. அவ்வாறு பெற்ற நிலம் அளந்து துண்டாக்கப்பட்டுக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. கோடு நேராக இருந்தது; நியாயம் நேராக இருந்ததோ என்பது வேறு வினா. படத்தை வாசிக்கத் தெரியாதவன், தன் நிலம் இன்னொருவன் கோட்டுக்குள் அகப்பட்டதைக் கோடு கிழிக்கப்பட்ட பின்னரே அறிகின்றான்.

அளவுத்திட்டமும் சமவுயரக்கோடும்

அளவுத்திட்டத்தை விளங்கிக் கொள்ளுதற்கு ஊர்க்கணக்கே போதும். ஓரங்குலப் படத்தின் வகைக்குறிப் பின்னம் 1:63,360. அதில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 63 மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே ஒரு சதுர மில்லிமீற்றர் ஏறக்குறைய ஓர் ஏக்கர். யாழ்ப்பாண வழக்கில் 16 பரப்பு. 1:50,000 படத்தில் ஒரு சதுர மில்லிமீற்றர் 2,500 சதுர மீற்றர், அஃதாவது ஏறக்குறைய 10 பரப்பு. கூரிய பென்சிலின் ஒரு புள்ளிக்குள் பல குடும்பங்களின் வளவுகள் அடங்கிவிடும். இரு வளவுகளுக்கு இடைப்பட்ட வேலியின் வழக்கினை இத்தகைய படங்கொண்டு தீர்க்க முயல்வோர் அளவுத்திட்டத்தை அறியாதோர். அதற்கு உறுதியோடு இணைந்த, பெரிய அளவுத்திட்டத்தில் வரைந்த நில அளவைப் படமே வேண்டும்.

மறுபுறம், யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் ஏறக்குறைய 18 கிலோமீற்றர்த் தெரு, 1:50,000 படத்தில் 36 சதமமீற்றர் இருக்கும். பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் 2 சதமமீற்றரும் இராது. எப்படம் சிறந்தது என்னும் வினா பொருளற்றது. எத்தேவைக்கு எப்படம் என்பதே வினா.

சமவுயரக்கோட்டுக்கும் குடாநாடே நல்ல பாடம். மத்திய மலைநாட்டிற் பீதுருதலாகல 2,524 மீற்றர் உயர்ந்து நிற்றலின், அப்பகுதித் தாள்களிற் கோடுகள் நெருங்கிச் செல்லும். குடாநாடோ தாழ்ந்த சுண்ணக்கற் சமவெளி. நூறடிக்கு ஒன்றாகச் சமவுயரக்கோடு வரையின், அங்கே ஒரு கோடும் விழாது. கோடில்லாமையால் நிலம் முற்றும் மட்டம் என முடிவு செய்யலாமா? மழைநாளில் அளவெட்டிப் பக்கத்து வெள்ளம் வழுக்கியாற்றின் வழியே அராலிக் கடலேரியை நோக்கிச் செல்வதை ஊரார் அறிவர். சரிவு உண்டு, படத்தின் கோட்டிடைவெளிக்கு அஃது அகப்படவில்லை. படத்திற் காணப்படாதது நிலத்தில் இல்லாதது அன்று. இதனை மறந்து வாய்க்கால்களை மறித்துக் கட்டடம் எழுப்புவோர்க்கு மாரிகாலமே ஆசிரியனாகின்றது.

முடிபு

இன்று வானிற் சுழலும் செய்மதிகளின் துணையால், கையடக்கத் தொலைபேசியே நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் காட்டுகின்றது. ஆதலின் படவறிவு இனி வேண்டுவதில்லை என்பர் சிலர். கருவி இடத்தைக் காட்டும். இடத்தின் பொருளைக் காட்டாது. அப்படத்தையும் ஒருவர் ஆக்கியுள்ளார், அதிலும் பெயர்கள் தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன, பல விடப்பட்டுள்ளன. வழி கேட்பவன் பெருகி, வழி அறிந்தவன் அருகுதல் கல்விக்கு அழகன்று.

எனவே பழையதோ புதியதோ, எப்படத்தைக் கையில் எடுத்தாலும் மாணவன் சில வினாக்களை வினவுதல் வேண்டும். இதனை ஆக்கியவர் யார், எத்தேவைக்கு ஆக்கினார்? அளந்து ஆக்கினாரா, கேட்டு ஆக்கினாரா? வடக்கு எப்பக்கம்? ஒரு சதமமீற்றர் எத்துணைத் தூரம்? பெயர்கள் யாருடைய பெயர்கள்? எவை விடப்பட்டன? இவ்வினாக்களோடு தொலமியின் தப்பிரபேனை நோக்குபவன் அதனைக் கண்டு நகையான். தன் கையிலுள்ள படத்தையும் கண்மூடி நம்பான். ஆசிரியர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவரை வகுப்பறையினின்றும் வெளியே அழைத்துச் சென்று, கோல் நாட்டி நிழல் அளப்பித்து, கல்லூரி வளவினைக் காலடியால் அளந்து ஒரு படம் வரைவிப்பாராயின், மெல்லிய தாளிற் பார்த்து வரைந்த நூறு படங்கள் தாரா அறிவினை அவ்வொரு படம் தரும். தான் நிற்கும் நிலத்தைத் தானே அளந்தறிந்தவனை, பிறர் வரைந்த கோடு எளிதில் ஏமாற்றாது.